கால் எட்டாத வண்டி

வழக்கமாக இந்தப் பக்கங்களில் சங்கப் பாடல்களைப் பற்றியும் சிற்றிலக்கியங்களைப் பற்றியும் எழுதிவரும் நான், இம்முறை மிதிவண்டியைப் பற்றி எழுதப் புகுந்தது நண்பர்கள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். இதற்குக் காரணம் இலக்கியம் அன்று, என் முழங்கால்.

நாற்பத்தைந்து வயதை எட்டியபோது, இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் மருத்துவர். நடக்கலாம், இல்லையேல் சைக்கிள் ஓட்டலாம் என்றும் சொன்னார். நான் சைக்கிளைத் தேர்ந்தேன். பள்ளிக்கூட நாள்களில் ஓட்டியதுதான். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள் அதைத் தொட்டதில்லை. ஆகையால் நானும் ஒரு கற்றுக்குட்டியே. கடைக்குப் போனேன். முன்னே மூன்று பல்சக்கரம், பின்னே ஏழு பல்சக்கரம், ஆக 21 கியர் உள்ள தடித்த டயர் வண்டி ஒன்றைக் காட்டினார்கள். அதில் என்னை உட்காரவைத்துச் சீட்டைத் தாழ்த்தினார் கடைக்காரர். "இரண்டு காலும் தரையில் நன்றாகப் பதியணும் சார், அதுதான் உங்களுக்குச் சரியான அளவு" என்றார். "கியரை இப்போதைக்குத் தொட வேண்டாம். பெரிய பல்லில் போட்டிருக்கிறேன், நன்றாக வேகம் போகும்" என்றும் சொன்னார். அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்றே வாரத்தில் இரண்டு முழங்கால்களின் முன்பக்கமும் வலி எடுத்தது. மாடிப்படி ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டியை விற்றுவிடலாமா என்ற எண்ணமும் வந்தது. விற்பதற்கு முன், தவறு எங்கே என்று அறிந்துகொள்ளலாமே என்று படிக்கத் தொடங்கினேன். முழங்காலில் தொடங்கிய தேடல் இருநூறு ஆண்டு வரலாற்றில் கொண்டுபோய் விட்டது. கடைக்காரர் எனக்குச் சொன்ன அந்த அறிவுரை தவறானதன்று. அது 1817ஆம் ஆண்டுக்குரியது என்பதை அங்கேதான் அறிந்தேன்.

*

1817 சூன் மாதம் 12ஆம் நாள், செருமனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரங்கள் பூட்டிய ஒரு மர வாகனத்தில் ஏறிப் புறப்பட்டார். அதற்கு மிதி கிடையாது, சங்கிலி கிடையாது. இருக்கையில் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை மாறிமாறி உதைத்துச் செல்ல வேண்டும். 'ஓடும் எந்திரம்' என்றே அதற்குப் பெயர். அந்த வண்டியில் இருக்கையின் உயரத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: அமர்ந்தவனுடைய பாதம் தரையில் பதிய வேண்டும். பதியாவிட்டால் வண்டி நகராது.

இதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1860களில் பாரீசில் முன்சக்கரத்தின் அச்சிலேயே மிதிகளைப் பொருத்தினார்கள். வரலாற்றின் பெரிய திருப்பம் இது. கால் அன்றுதான் தரையை விட்டது. அதுவரை தரையை உதைத்த கால் அதன்பின் மிதியைச் சுற்றத் தொடங்கியது. ஆகவே வண்டியின் அளவும் மாறியாக வேண்டும்: இருக்கைக்கும் தரைக்கும் இடையிலுள்ள தொலைவு முதன்மையன்று, இருக்கைக்கும் மிதிக்கும் இடையிலுள்ள தொலைவே முதன்மை. இந்த வேறுபாட்டை உணராமலேதான் இன்றும் பலர் வண்டி வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

மிதி வந்ததும் கற்பவர் கூட்டமும் வந்தது. 1868, 1869ஆம் ஆண்டுகளில் பாரீசு, இலண்டன், நியூயார்க் நகரங்களில் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளே திறக்கப்பட்டன. குதிரையேற்றம் பயிற்றுவிப்பதுபோல, கூரையிட்ட கூடங்களில் ஆசிரியர் ஒருவர் பிடித்துக்கொள்ள, வளர்ந்த ஆண்கள் விழுந்து எழுந்து கற்றனர். நம் ஊரில் அண்ணனோ மாமாவோ சீட்டின் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவதை அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்தார்கள்.

*

மிதி முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்ததால் ஒரு சிக்கல் எழுந்தது. மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. 1870களில் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி முதலியோர் செய்த வண்டிகளில் முன்சக்கரம் ஆள் மார்பளவுக்கு வளர்ந்தது. 50 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 4 மீட்டர் தூரம் போகும். 60 அங்குலம் என்றால் இன்னும் கூடுதல். ஆனால் எவ்வளவு பெரிய சக்கரத்தை ஒருவர் வாங்கலாம் என்பதை அவருடைய பணப்பையால் தீர்மானிக்க முடியாது. அவருடைய கால்தான் தீர்மானிக்கும். கால் நீளம் எவ்வளவோ அவ்வளவு பெரிய சக்கரம். அதற்கு மேல் போனால் மிதி எட்டாது.

இங்கே சற்று நின்று நோக்க வேண்டும். இன்று நாம் வெவ்வேறாகப் பேசும் மூன்று செய்திகள், அதாவது உடலுக்கேற்ற வண்டி அளவு, கியர், மிதிக்கும் வேகம் ஆகியவை, அந்த உயர்சக்கர வண்டியில் ஒன்றாகவே இருந்தன. காலின் நீளமே சக்கரத்தின் அளவு. சக்கரத்தின் அளவே கியர். குள்ளமானவர் வேகமாகப் போக விரும்பினால் மேலும் விரைந்து மிதிக்கத்தான் வேண்டும். அளவெடுத்துத் தைத்த சட்டைபோல, ஒவ்வொரு வண்டியும் ஓர் உடலுக்கென்று வாங்கப்பட்டது.

தாமசு ஸ்டீவன்ஸ் என்பவர் 50 அங்குலச் சக்கர வண்டி ஒன்றில் 1884இல் சான்பிரான்சிசுகோவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றினார். 1886இல் இலாகூரிலிருந்து கல்கத்தா வரை இந்தியச் சாலையில் அவர் அந்த வண்டியில் வந்தார். ஆண்டின் இறுதியில் யோகோகாமாவில் பயணத்தை முடித்தார். ஆயினும் அவ்வண்டி எல்லோருக்கும் உரியதன்று. சிறு கல்லில் முன்சக்கரம் தட்டினால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். பாவாடை அணிந்த பெண்களுக்கும், முதியவர்களுக்கும், உயரம் குறைந்தவர்களுக்கும் அதில் இடமில்லை.

*

1885இல் ஜேம்ஸ் ஸ்டார்லியின் உறவினரான ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற வண்டியை வெளியிட்டார். இரண்டு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு, மிதி நடுவில், அங்கிருந்து சங்கிலி ஒன்று பின்சக்கரத்தைச் சுழற்றும். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய உருளைச் சங்கிலி போன்ற நல்ல சங்கிலிகள் கிடைக்கத் தொடங்கிய காலம் அது. 1888இல் பெல்பாஸ்ட்டில் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிள், அடிப்படையில் அந்த ரோவர்தான்.

பாதுகாப்பான வண்டி என்று அதற்குப் பெயர் வந்தது. அதைவிட முதன்மையானது, காலின் நீளத்தையும் கியரையும் அது பிரித்துவிட்டது என்பதே. முன்னே 44 பல், பின்னே 18 பல் என்று வைத்தால், மிதி ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றும். என் தந்தையின் பழைய சைக்கிளில் பற்களை எண்ணிப் பார்த்தேன், இதே கணக்குத்தான். 28 அங்குலச் சக்கரத்தில் அது 68 அங்குல உயர்சக்கரத்துக்கு நிகர். அவ்வளவு பெரிய சக்கரத்தை ஓட்டும் கால் எந்த மனிதனுக்கும் இல்லை. சங்கிலி அதைச் சாத்தியமாக்கியது. ஆங்கில மரபில் இன்றும் கியரை அங்குலத்தில் சொல்கிறார்கள். மறைந்துபோன அந்த உயர்சக்கரத்தின் நிழல் கணக்கில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

ஆனால் இந்த விடுதலையில் ஓர் இழப்பும் நேர்ந்தது. உயர்சக்கர வண்டியை அளவு பாராமல் வாங்கவே முடியாது. ரோவரை அளவு பாராமல் வாங்கலாம். இருக்கையைத் தாங்கும் கம்பியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதால் ஒரே வண்டியை யாருக்கும் விற்கலாம். ஏற்றி இறக்கத் தெரிந்தவர்க்கு அது நன்மை, தெரியாதவர்க்குத் துன்பம்.

புதிய வண்டி புதிய கற்றுக்குட்டிகளைக் கொண்டுவந்தது. அமெரிக்க மதுவிலக்கு இயக்கத்தின் தலைவியான பிரான்சிஸ் வில்லார்ட் தம் 53ஆம் வயதில் மிதிவண்டி கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். நாளொன்றுக்குக் கால்மணி நேரம் வீதம் மூன்று மாதங்கள் பயின்றிருக்கிறார். அவர் கற்ற வரிசை கவனிக்கத்தக்கது: முதலில் மிதித்தல், பிறகு திரும்புதல், பிறகு இறங்குதல், கடைசியாகத்தான் ஏறுதல். கற்பவருக்கு ஏறுவதே அரிது என்பதை அறிந்த வரிசை இது.

அதே ஆண்டுகளில் ஆனி லண்டன்டெரி என்ற பெயரில் பயணம் செய்த பாஸ்டன் நகரத்துத் தாய் ஒருவர், சில பாடங்கள் மட்டுமே கற்ற நிலையில் 1894 சூன் மாதம் உலகப் பயணம் புறப்பட்டார். அவர் முதலில் எடுத்துச்சென்றது பெண்களுக்கென்று செய்த, 42 பவுண்டு, அதாவது 19 கிலோ எடையுள்ள வண்டி. உடை நீண்ட பாவாடை. சிகாகோ வந்து சேர்வதற்குள் தளர்ந்துபோனார். அங்கே அதைக் கைவிட்டு, பாதி எடையே உள்ள ஆண்கள் வண்டி ஒன்றை எடுத்தார், உடையையும் மாற்றினார். அதன் பிறகே பயணம் பயணமாயிற்று. வழியெல்லாம் சைக்கிளிலேயே போனார் என்று சொல்ல முடியாது. கொழும்பு உட்படப் பல துறைமுகங்களுக்குக் கப்பலிலேயே சென்றார். ஆயினும் தமக்கென்று பிறர் தேர்ந்து தந்த வண்டி தமக்கானதன்று என்று ஒரு கற்றுக்குட்டி கண்டுகொண்ட நிகழ்ச்சி என்ற வகையில் அது நினைக்கத்தக்கது.

*

இனிக் கியரின் கதை. பிரான்சின் சேந்தெத்தியென் நகரில் போல் த விவி என்பவர் வாழ்ந்தார். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் மிதிவண்டி இதழ் ஒன்றை 1887 முதல் நடத்தியவர். அவருடைய ஊரைச் சுற்றிலும் மலை. ஒரே பல்சக்கர அமைப்பில் சமவெளியையும் மலையையும் ஓட்டுவது அறிவுடைமை ஆகாது என்று அவர் வாழ்நாள் முழுதும் வாதிட்டார். பல கியர் அமைப்புகளைத் தாமே செய்து, மலையில் ஏறிக் காட்டினார். இங்கிலாந்தில் 1902இல் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே மூன்று கியர்களை அடக்கும் உருளையைக் கொண்டுவந்தது.

ஆனால் எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. 1903இல் பிரான்சு நாட்டைச் சுற்றும் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிரான்ஜ், கியர் மாற்றுவது வலுவற்றவர்களின் வேலை என்று கருதினார். 1910இல் பந்தயம் பிரனீசு மலைகளில் ஏறியபோது, நாட்டின் தலைசிறந்த வீரர்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தனர். பின்சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு பல்சக்கரம் வைத்து, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொள்வதே அக்காலத்து வழக்கம். 1936இல் நோயுற்ற தெகிரான்ஜ் பொறுப்பைக் கைமாற்றினார். அடுத்த ஆண்டு, 1937இல்தான், சங்கிலியைப் பல்லுக்குப் பல் தாவச்செய்யும் கருவி அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது. வெலோசியோ அதைக் காணவில்லை. 1930இலேயே ஒரு விபத்தில் இறந்துவிட்டார்.

'கியரைத் தொடாதே, பெரிய பல்லிலேயே மிதி' என்ற அறிவுரை கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்குத் தெகிரான்ஜ் நினைவுக்கு வருகிறார். அதில் ஒரு வீர உணர்வு இருக்கிறது, கணக்கு இல்லை.

கணக்கு எளியது. மிதி ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை ஆங்கிலத்தில் கேடன்ஸ் என்கிறார்கள். நம் இசையில் விளம்ப காலம், மத்திம காலம், துரித காலம் என்று சொல்வதில்லையா? அதுபோல இது காலின் காலப்பிரமாணம். என் வண்டியில் முன்னே 42 பல், பின்னே 14 பல் என்று போட்டிருந்தார்கள். ஒரு சுற்றுக்கு 6.2 மீட்டர். மணிக்கு 15 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 40 சுற்றுப் போதும். விளம்ப காலம், ஆனால் ஒவ்வொரு சுற்றும் கல்லைப் பெயர்ப்பதுபோல் இருந்தது. இப்போது முன்னே 34, பின்னே 20 போடுகிறேன். ஒரு சுற்றுக்கு 3.5 மீட்டர். அதே 15 கிலோமீட்டர் வேகத்துக்கு 70 சுற்று மிதிக்கிறேன். வேகம் ஒன்றே, வேலையும் ஒன்றே. ஆனால் அந்த வேலை 40 உதைகளுக்குப் பதில் 70 உதைகளாகப் பகிரப்படுகிறது. முன்பு ஒவ்வொரு உதையிலும் முழங்கால் தாங்கியது இப்போதையதைப்போல் ஒன்றேமுக்கால் பங்கு. எடையை ஒரே நடையில் தூக்கிப்போவதற்கும் இரண்டு நடையாகக் கொண்டுபோவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

1972இல் மெக்சிகோ நகரில் எட்டி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலகச் சாதனை நிகழ்த்தினார். அவர் பயன்படுத்தியது 52 பல்லும் 14 பல்லும். கணக்கிட்டால், நிமிடத்துக்கு நூறு சுற்றுகளுக்கு மேல், ஒரு மணி நேரம் இடைவிடாமல் சுற்றியிருக்கிறார். அது நமக்கு வேண்டாம். தொடக்கநிலையில் இருப்போருக்கு 60க்கும் 80க்கும் இடைப்பட்ட மத்திம காலமே இதமானது. அளந்துபார்க்கக் கருவி தேவையில்லை. வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று கால் நிமிடம் எண்ணி, நான்கால் பெருக்கினால் போதும்.

இன்னொன்றும் கண்டேன். 21 கியர் என்று விற்றாலும் உண்மையில் 21 வேறுபாடுகள் கிடைப்பதில்லை. 42ஐ 28ஆல் வகுத்தாலும் ஒன்றரை, 24ஐ 16ஆல் வகுத்தாலும் ஒன்றரை. எண்ணிக்கையைப் பார்த்து வண்டி வாங்குவது, பக்க எண்ணிக்கையைப் பார்த்து நூல் வாங்குவதைப் போன்றதே. நம் ஊர்ச் சமதரைச் சாலைக்கு ஒற்றைக் கியர் வண்டியே பலருக்குப் போதும். மேம்பாலமும் மேடும் உள்ள ஊரானால் சில கியர்கள் துணைசெய்யும். முன்பக்க ஸ்பிரிங்கும் தடித்த டயரும் மலைப்பாதைக்கானவை. கல்லூரிக்குப் போய்வரும் எனக்கு அவை வெறும் சுமைதான்.

*

இருக்கையின் உயரம் குறித்து, 1967இல் ஹேம்லி, தாமஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் அளந்து சொன்ன கணக்கு ஒன்று இன்றும் வழங்குகிறது. கவட்டிலிருந்து தரை வரை காலின் நீளத்தை எடுத்து, அதை 1.09ஆல் பெருக்கினால் வருவது, தாழ்ந்த நிலையிலுள்ள மிதியிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தொலைவு. என் கால் 78 சென்டிமீட்டர். கணக்குப்படி 85 வர வேண்டும். அளந்தேன், 77தான் இருந்தது. எட்டு சென்டிமீட்டர் தாழ்வு. ஒவ்வொரு மிதிப்பிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, அந்த மடக்கத்திலிருந்தே முழுவிசையுடன் உதைத்திருக்கிறது. வலிக்காமல் என்ன செய்யும்?

அளவுநாடா இல்லாதவர்க்கு எளிய வழியும் உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் அமர்ந்து, குதிகாலை மிதியில் வைத்தால், மிதி கீழே இருக்கையில் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்காலில் சிறு மடக்கம் இருக்கும், அதுவே அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வு. பின்பக்கம் இழுத்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினாலோ உயரம் மிகுதி. ஒரேநாளில் ஏற்றாமல், ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றுவது நலம்.

மிதியின் கீழெல்லை தரையிலிருந்து ஏறத்தாழ அரைச் சாண் அளவுக்கு உயர்ந்தே நிற்கும். ஆகவே மிதிக்குச் சரியாக அளவு வைத்தால், அமர்ந்தபடி இரு பாதங்களையும் தரையில் பதிக்கவே முடியாது. விரல் நுனி தொட்டால் அதுவே மிகுதி. நிறுத்தும்போது இருக்கையிலிருந்து முன்னே இறங்கி நிற்கப் பழக வேண்டும். சமநிலை கற்கும் முதல் சில நாள்களுக்குத் தாழ்ந்த இருக்கை தேவைதான்; அச்சம் தெளிந்த பிறகும் அதை ஏற்றாமல் விடுவதே பிழை. மிதி வைத்த வண்டியில் அமர்ந்துகொண்டு நாம் டிரைஸின் அளவையே தேடுகிறோம்.

*

இதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் என் அம்மாவின் நினைவு வந்தது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில், திருமயம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். தொண்டர்களாகிய பெண்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லித்தர வேண்டுமானால் அவர்களுக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது தொடக்கம். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகள் கடன் கொடுக்கவும் அவர் வழிசெய்தார். 1992 மகளிர் நாளில் ஆயிரத்தைந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பேரணி சென்றனர். பத்திரிகையாளர் சாய்நாத் தம் நூலில் இதை விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். ஊர்ப்புறப் பெண்கள் இலட்சம் பேர் கற்றதாக அவர் எழுதுகிறார். அவர் குறிப்பிடும் செய்தி ஒன்று எனக்கு முதன்மையானது. பெண்களுக்கான வண்டிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பலர் ஆண்கள் வண்டியிலேயே கற்றனர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர். குறுக்கே பார் இருப்பதால் அதில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம்.

அந்தச் சிலரில் என் அம்மாவும் ஒருவர். எங்கள் ஊருக்கு நாளுக்கு இரண்டு முறைதான் பேருந்து வரும். என் தங்கைக்கு இளைப்பு நோய். மூச்சு இழுக்கத் தொடங்கினால், அப்பா வேலையிலிருந்து வரும் வரையோ பேருந்து வரும் வரையோ அம்மா வாசலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்துவார். அந்த ஆண்டு கோடையில், இருட்டிய பிறகு, பள்ளிக்கூடத் திடலில் அப்பாவின் 24 அங்குல வண்டியில் அம்மா கற்றார். அது ஆங்கிலேயப் பாணியில் அமைந்த கனத்த வண்டி. சுதந்திரத்துக்குப் பின் அம்பத்தூரிலும் சோனிபட்டிலும் லூதியானாவிலும் எழுந்த ஆலைகள் இத்தகைய வண்டிகளையே இலட்சக்கணக்கில் செய்தன: நெல்மூட்டை ஏற்றுவதற்கு ஏற்றது, உயரமான ஆணின் உடலை மனத்தில் வைத்து அமைந்தது. சிறுவர்கள் நாங்கள் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுத்தான் அதை ஓட்டினோம். அளவு பொருந்தாத வண்டிக்குச் சிறுவர்கள் கண்ட தீர்வு அது. புடைவை கட்டிய அம்மாவுக்கு அந்த வழியும் இல்லை. திடலில் நின்று கேலி பேசியவர்களும் உண்டு.

அம்மா திண்ணையிலிருந்து வண்டியில் ஏறுவார். நிறுத்த வேண்டுமென்றால் மைல்கல்லையோ பாலக்கட்டையையோ பார்த்துவைத்துக்கொண்டு அதன் ஓரமாக நிறுத்துவார். தெருவில் நிறுத்த நேர்ந்தால் சாய்த்துக் குதிப்பார். வில்லார்ட் அம்மையாரைப்போல, அவரும் ஏறக் கற்றது கடைசியில்தான். ஒருநாள் விடியற்காலை, தங்கையைப் பாரில் துண்டு விரித்து உட்காரவைத்து, ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆசுபத்திரிக்கு அம்மாவே கொண்டுபோனார். பின்னால் கேரியரில் நான். அன்று பேருந்துக்காக நாங்கள் காத்திருக்கவில்லை.

தங்கை இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

*

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, என் முழங்கால் வலியையும், சீட்டை எட்டு சென்டிமீட்டர் ஏற்றியதையும், சின்னப் பல்லுக்கு மாற்றியதையும், வலி குறைந்துவிட்டதையும் அம்மாவிடம் சொன்னேன். "கடையில கால் தரையில எட்டணும்னு சொல்லிட்டாங்கம்மா, அதான் தப்பு" என்றேன்.

அம்மா சிரித்தார். "தரையில எட்டணும்னு நெனச்சிருந்தா நான் அந்த வண்டியில ஏறியே இருக்க மாட்டேன்ப்பா. பெடல் எட்டுதான்னுதான் பாத்தேன்."

இப்போது கல்லூரியில் என் மேசை அறையில் ஒரு ஸ்பேனர் வைத்திருக்கிறேன். அரசு தந்த சைக்கிளில் வரும் மாணவர்களும் மாணவிகளும் பலர், முழங்கால் மார்பில் இடிக்க மிதித்துக்கொண்டு வருகிறார்கள். வாங்கிய அன்று கடையிலோ பள்ளியிலோ வைத்த உயரம் அப்படியே இருக்கிறது. கேட்டால், "கால் எட்டாது ஐயா" என்கிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு அமரச்சொல்லி, குதிகாலை மிதியில் வைக்கச்சொல்லி, இரண்டு விரற்கடை ஏற்றிக் கொடுக்கிறேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டி இலேசாகிவிட்டது என்கிறார்கள். வண்டி அதேதான் என்று நான் சொல்லிப் பார்க்கிறேன், நம்புவதில்லை.